கசடும் கதிரும்

ஐப்பசி மாதத்தில் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் பிரயாணம் செய்த நேயர்கள், சாலையின் இருமருங்கும் மக்காச்சோளம் பசுமையாய் நிற்பதைக் கண்டிருப்பார்கள். பெரும்பாலும் மானாவாரிப் பூமி. வானத்தை நம்பிய விவசாயம். கரிசல் மண்தான், ஆனால் நிறம் கறுத்திருப்பதனாலேயே அதில் மக்குச் சத்து மிகுந்திருக்கிறதென்று எண்ணிவிடலாகாது. வருஷந்தோறும் கதிரையும் தட்டையையும் அள்ளிக்கொண்டு, மூட்டை உரத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தால் எந்த மண்ணும் இளைத்துப் போகும். முன்னாளில் ஆட்டுக்கிடையும் ஏரி வண்டலும் இக்குறையைத் தீர்த்து வந்தன.

இது இப்படியிருக்க, வீட்டுக் கழிவுத் தொட்டிகளிலிருந்து லாரிகள் உறிஞ்சிச் செல்லும் கசடு எங்கே போகிறது? ஓடையில் கொட்டினால் அது நோய். பக்குவம் செய்தால் எரு. தழைச்சத்தும் மணிச்சத்தும் துத்தநாகமும் அதில் உண்டு. சாம்பல் சத்து மட்டும் நீரோடு போய்விடுவதால், அதை வேறு வழியில் ஈடு செய்ய வேண்டும்.

பக்குவம் என்ற சொல்லிலேதான் விஷயமெல்லாம் அடங்கியிருக்கிறது. 1939-இல் ஸி. என். ஆசார்யா பெங்களூரில் வகுத்த முறைப்படி, குப்பையையும் மலத்தையும் பள்ளத்தில் அடுக்கடுக்காக இட்டு, மண்ணால் மூடி, மாதக்கணக்கில் மக்க விட்டார்கள். தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் 2017-இல் மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில் ஏற்பட்டது. அங்கே மணலும் ஜல்லியும் பரப்பிய படுகைகளில் கசடு வடிந்து காய்கிறது. ஆயினும் காய்ந்தது போதாது. ஊர்க் குப்பையோடு சேர்த்துக் குவித்து, உட்சூடு 55 டிகிரிக்கு மேல் ஏறிப் பல நாள் நிலைத்தாலன்றிக் குடற்புழுவின் முட்டைகள் எளிதில் சாவதில்லை. பச்சைக் கசடை நேரே வயலுக்கு அடிப்பது, அண்டை வீட்டுக் குழந்தைக்கு வியாதியை அனுப்புவதற்குச் சமானம்.

சூட்டினால் சாகாத விஷமும் உண்டு. நகரக் கம்போஸ்டில் கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராமும் ஈயம் 100 மில்லிகிராமும் தாண்டலாகாதென்பது சர்க்கார் விதி. அழியாத ரசாயனங்கள் நிலத்தில் சேர்ந்ததைக் கண்டு, அமெரிக்காவின் மெயின் மாகாணம் 2022-இல் கசடை வயலில் இடுவதையே தடுத்துவிட்டது. ஆலைச் சாக்கடை கலவாத வீட்டுக் கசடில் இந்த அபாயம் குறைவு. சிற்றூர்களின் பாக்கியம் இதுவே! அதனோடு ஆலைக் கழிவைச் சேர்க்காதிருப்பதே முதல் வேலை.

இன்னொன்றையும் சொல்லாமலிருக்க முடியவில்லை. பாதுகாப்பின்றி மனிதனைக் கழிவுத் தொட்டிக்குள் இறக்குவதை 2013-ஆம் வருஷத்துச் சட்டம் தடுத்திருக்கிறது, சாவுகள் நின்றபாடில்லை. அவ்வாறு எடுத்த கசடு எவ்வளவு சத்துடையதாயினும் நமக்கு வேண்டாம்.

பக்குவமான எருவை விதைப்புக்கு முன் கடைசி உழவில் மண்ணோடு கலந்துவிட வேண்டும். மக்காச்சோளத்தின் கதிர் தரையைத் தொடுவதில்லை. தானியத்தைக் காய வைத்துச் சமைத்தே உண்கிறோம். ஆகவே சோளத்துக்கும் கம்புக்கும் அது தக்கதே. பெரம்பலூருக்குப் பேர் வாங்கித் தந்த சின்ன வெங்காயத்துக்கு மட்டும் இட வேண்டாம். அதை நம்மில் பலர் பழைய சோற்றோடு பச்சையாகவே கடித்துக்கொள்கிறோம்.