மனத்தில் வேலைச் சுமை, உடலில் நோய்

ஜொகூரில் யாராவது கொஞ்சம் மனம் தளர்ந்து பேசினால், “நீ தம்போய்க்குத்தான் போக வேண்டும்” என்று கேலி செய்வது நெடுநாள் வழக்கம். 1937ஆம் ஆண்டு அங்கு தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனைதான் காரணம். இன்று அதன் பெயர் பெர்மாய் மருத்துவமனை. இந்தக் கேலிக்கு அஞ்சியே தொழிலாளர்கள் பலர் வேலையிட மன உளைச்சலை வெளியில் சொல்வதில்லை. மனத்தில் அடக்கி வைத்தது கடைசியில் உடலில் தெரிகிறது.

எப்படி? நெருக்கடி வந்ததும் உடலில் அட்ரினலின், கார்ட்டிசோல் ஆகியவை சுரக்கின்றன. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சர்க்கரை அளவும் உயர்கின்றன. நெருக்கடி நீங்கியதும் இவை தணிய வேண்டும். விடியுமுன் சிங்கப்பூர்ப் பாலத்தில் நெரிசல், பகலில் மேலாளரின் அவசரம், இரவில் கடன் கவலை என்று வாழ்பவருக்கு அவை தணிய நேரமே கிடைப்பதில்லை.

வாரத்திற்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் கூடுதல் என்று உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் 2021இல் அறிவித்தன. மலேசியாவில் 2023 ஜனவரி முதல் வார வேலை நேர வரம்பு 48இலிருந்து 45 மணியாகக் குறைந்தது. ஆனால் ஓவர்டைம் அந்தக் கணக்கில் சேராது.

இனி, சமாளிக்கும் விதம். லாசரஸ், ஃபோக்மன் என்ற உளவியலாளர்கள் 1984இல் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினர். ஒன்று, பிரச்சினையையே மாற்ற முயல்வது. மற்றொன்று, மனத்தை அமைதிப்படுத்துவது. ஷிப்டு மாற்றம் கேட்பது முதல் வகை. மாற்ற முடியாத சாலை நெரிசலுக்கு இரண்டாவது வகையே உதவும்: நடைப்பயிற்சி, பிரார்த்தனை, நண்பரிடம் மனம்விட்டுப் பேசுதல்.

சிகரெட்டும் மதுவும் மனத்தை அமைதிப்படுத்துவது போலத்தான் தோன்றும். ஆனால் நிக்கோட்டின் இதயத்தை இன்னும் விரட்டுகிறது. மது தூக்கத்தைக் கெடுக்கிறது. ஆக, உளைச்சலுக்குத் தேடிய மருந்தே இன்னொரு நோயாகிறது.

இரண்டு வாரத்திற்கு மேல் தூக்கமின்மை, எரிச்சல், எதிலும் நாட்டமின்மை தொடர்ந்தால் அரசாங்கச் சுகாதார கிளினிக்கை நாடுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவையை 15555 என்ற எண்ணில் அழைக்கலாம். நெஞ்சு வலிக்கு மருத்துவரைப் பார்க்க யாரும் வெட்கப்படுவதில்லை. மனவலிக்கு மட்டும் ஏன் வெட்கம்?