சரக்கு பிறக்கும் இடம் பார்ப்போம்

அமெரிக்காவின் கென்டக்கியில் போர்பன் மது வடிக்கும் ஆலைகளைப் பயணிகளுக்குச் சுற்றிக் காட்டியே வியாபாரம் வளர்க்கிறார்கள். மது நமக்கு வேண்டாம், முறையை எடுத்துக்கொள்வோம். அவனியாபுரத்திலிருந்து திருச்செந்தூர் செல்லும் நம் வணிகர்கள், வழியில் விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவையும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயையும் ருசித்துவிட்டு, கோடைப் பருவத்தில் உடன்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுவதையும் பார்த்து வரலாம்.

கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் புளித்துக் கள். பதநீரைப் பாகாகக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டி 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் சீனி கலந்த சரக்கும் கருப்பட்டி என்ற பெயரிலேயே சந்தைக்கு வருகிறது. அசலின் மணமும் ருசியும் நேரில் அறிந்தவர் எளிதில் ஏமாறமாட்டார். விலையை மட்டும் பார்த்துக் கொள்முதல் செய்தால், கெடுவது நம் கடையின் பெயரே!