கணினிக்குள்ளே – 17: காணாமல் போன விமானம்

ஓடும் புரோகிராமுக்கு இயங்குதளம் நினைவகத்தை எப்படிப் பங்கிட்டுத் தருகிறது என்று போன வாரம் பார்த்தோம். அந்தப் பங்கீட்டை நம்பி ஏமாந்த ஒரு விளையாட்டின் கதை இது.

2024 அக்டோபரில் விண்டோஸ் 11-க்கு ‘24எச்2’ என்ற பெரிய அப்டேட் வந்தது. 2005-ல் கணினிக்கு வெளியான ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்’ விளையாட்டை இன்னும் விடாமல் ஆடுபவர்கள் உண்டு. அப்டேட் போட்டதும் அவர்கள் விளையாட்டிலிருந்து ஒரு விமானம் காணாமல் போனது. தண்ணீரில் இறங்கும் ‘ஸ்கிம்மர்’ அது. வேறு வழியில் அதை வரவழைத்து ஏறினால், ஆட்டக்காரர் கணக்கில்லாத உயரத்துக்குத் தூக்கி எறியப்பட்டார். பழி நேராக விண்டோஸ் மீது விழுந்தது.

இந்த விளையாட்டுகளுக்குப் பல ஆண்டுகளாகத் திருத்தம் எழுதிவரும், ‘சைலன்ட்’ என்ற பெயரில் இயங்கும் நிரலாளர் 2025-ல் காரணத்தைத் தோண்டி எடுத்தார். விளையாட்டில் வரும் வண்டிகளின் விவரம் ஒரு சாதாரண எழுத்துக்கோப்பில், வண்டிக்கு ஒரு வரியாக இருக்கிறது. முன்சக்கர அளவும் பின்சக்கர அளவும் அந்த வரியில் வர வேண்டும். ஸ்கிம்மரின் வரியில் இரண்டுமே இல்லை. இதற்கு முந்தைய ‘வைஸ் சிட்டி’ விளையாட்டில் ஸ்கிம்மர் படகுக் கணக்கில் இருந்தது, படகுக்கு ஏது சக்கர அளவு? சான் ஆண்ட்ரியாஸில் அதை விமானமாக மாற்றியவர்கள், எண்களைச் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

அப்படியானால் இருபது வருடம் எப்படிப் பறந்தது? வரியைப் படிக்கும் நிரல், எண்களை வைத்துக்கொள்ள ‘ஸ்டாக்’ எனும் தற்காலிக நினைவகத்தில் இடம் எடுக்கிறது. எடுத்த இடத்தைத் துடைப்பதில்லை. கோப்பில் எண் இல்லாவிட்டால், முந்தைய பாடவேளையில் எழுதியதை அழிக்காத கரும்பலகைபோல, அங்கே ஏற்கெனவே கிடப்பதுதான் மதிப்பு. ஸ்கிம்மருக்கு முந்தைய வரி ‘டாப்ஃபன்’ என்ற வேன். அதன் சக்கர அளவு 0.7. அந்த 0.7 அழியாமல் கிடந்து ஸ்கிம்மருக்கும் ஒட்டிக்கொண்டது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் விண்டோஸின் உள்வேலை ஒன்று நடக்கும். 24எச்2-ல் அது ஸ்டாக்கில் முன்பைவிட அதிக இடம் எடுத்தது; 0.7 இருந்த இடத்தில் வேறெதுவோ எழுதப்பட்டது. அதையே சக்கர அளவு என்று விளையாட்டு நம்பியது.

விண்டோஸ் மீது இதில் துளியும் தவறு இல்லை. அந்த இடத்தில் இன்னது இருக்கும் என்று அது யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. கோப்பில் விடுபட்ட எண்களைச் சேர்த்தாலே விமானம் திரும்பி வந்துவிடுகிறது.

விண்டோஸ் 95 உருவானபோது இதே போன்ற சிக்கலுக்கு வேறு மாதிரி வைத்தியம் பார்த்தார்கள். ‘சிம்சிட்டி’ விளையாட்டு, தான் திருப்பிக் கொடுத்த நினைவகத்தையே உடனே மறுபடி படிக்கும். பழைய சூழலில் அந்த இடம் கைபடாமல் கிடந்ததால் தப்பித்தது. புதிய விண்டோஸில் கிராஷ் ஆனது. மைக்ரோசாஃப்ட் குழுவினர் ஓடுவது சிம்சிட்டியா என்று பார்த்து, ஆமென்றால் நினைவகத்தை உடனே பறிக்காதபடி விண்டோஸுக்குள்ளேயே நிரல் எழுதினார்கள் என்று நிரலாளர் ஜோயல் ஸ்போல்ஸ்கி பதிவு செய்திருக்கிறார். அடுத்தவர் பிழையைத் தன் தலையில் சுமந்த இந்த வேலை எனக்குப் பெருந்தன்மையாகவே படுகிறது. காசு கொடுத்து வாங்கியவருக்கு யார் பிழை என்பதா முக்கியம்?

இன்றும் புரோகிராமின் மீது ரைட் கிளிக் செய்து, ‘பிராப்பர்ட்டீஸ்’ போய், ‘கம்பாட்டிபிலிட்டி’யில் பழைய விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால், அதே வகைச் சலுகைகள்தான் கிடைக்கின்றன. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிப்பதற்கு முன் ‘ஈவென்ட் வியூவர்’ திறந்து பாருங்கள். ‘விண்டோஸ் லாக்ஸ்’, அதற்குள் ‘அப்ளிகேஷன்’. கிராஷ் ஆன நேரத்தில் சிவப்புக் குறியோடு ஒரு பதிவு இருக்கும். ‘ஃபால்ட்டிங் மாட்யூல்’ என்ற இடத்தில் கிராஃபிக்ஸ் டிரைவரின் பெயர் தென்பட்டால், முதலில் டிரைவரை மாற்றிப் பாருங்கள். புரோகிராமின் பெயரே இருந்து, பிழை எண் சி0000005 என்று முடிந்தால், தொடக்கூடாத நினைவகத்தை அது தொட்டிருக்கிறது என்று அர்த்தம். கம்பாட்டிபிலிட்டி முயற்சி அங்கே பலன் தரக்கூடும்.

பழைய பில்லிங் புரோகிராம்களுக்கு வேறொரு வியாதி. தரவை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள்ளேயே எழுதப் பார்க்கும். விஸ்டா காலத்திலிருந்து சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத அனுமதி இல்லை. வேறு ஃபோல்டரில் நிறுவினாலே பல நேரம் சரியாகிவிடும்.

டாஸ் காலத்து 16-பிட் புரோகிராம்கள் 64-பிட் விண்டோஸில் அறவே ஓடாது. நம் பொறியியல் கல்லூரிகளில் டர்போ சி++, டாஸைப் போல நடிக்கும் ‘டாஸ்பாக்ஸு’க்குள் ஓடுவது அதனால்தான். ஆனால் டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது. கடைக் கணக்கை அதை நம்பி ஒப்படைக்காதீர்கள். தரவுக் கோப்புகளை முதலில் தனியே நகலெடுத்து வையுங்கள். பிறகு மெய்நிகர் கணினி ஒன்றில் பழைய விண்டோஸையே நிறுவி ஓட்டுங்கள். அதை எப்படி அமைப்பது என்று அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)