கூந்தற் சாயத்திற்கு நீல அவுரி

திண்டிவனம், விழுப்புரம் பிரதேசத்திற்கு அவுரி புதிய பயிரன்று. பழைய தென்னாற்காடு ஜில்லா, சென்னை இராஜதானியில் அவுரிக்குப் பேர்போன ஜில்லாக்களுள் ஒன்று. புதுச்சேரியில் அவுரி நீலத்தில் தோய்த்த துணிகள் மேற்கு ஆப்பிரிக்கா வரையில் கப்பலேறின. 1897-ஆம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்து பி.ஏ.எஸ்.எப். கம்பெனியார் இரசாயன நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அவுரியின் விலை வீழ்ந்தது, சாகுபடியும் சுருங்கிற்று. எனினும் அஃது அடியோடு அழிந்துவிடவில்லை. விழுப்புரம் ஜில்லாவில் கொங்கரப்பட்டு முதலிய இடங்களில் இயற்கை நீலம் இன்றும் எடுக்கப்படுகிறது. இப்போது கூந்தற் சாயத்தின் பொருட்டு இலைக்கும் கிராக்கி உண்டாயிருக்கிறது.

நரைத்த மயிருக்கு மருதோன்றியை முதலில் இட்டால் செந்நிறம் பற்றும். அதன்மேல் அவுரி இலைத் தூளைக் குழைத்து இட, கருமை உண்டாகும். நீலக் கட்டியைப் பொடி செய்து இட்டாலென்ன என்று சிலர் வினவலாம். கட்டியாய்விட்ட நீலம் நீரில் கரையாதாகையால் மயிரில் பற்றாது. பச்சை இலையில் இருப்பது நீலமன்று. இண்டிகன் என்னும் நிறமற்ற பொருளே. இலை கசங்கி ஈரம் படும்போது அது பிரிந்து, காற்றுப்பட்டு நீலமாகிறது. இம்மாறுதல் மயிரின்மீது நிகழவேண்டுமேயன்றிக் களத்து மேட்டில் நிகழலாகாது. ஈர இலையை அம்பாரமாய்க் குவித்து வைத்தால் அது புழுங்கி, சாயச் சத்து அங்கேயே வீணாகும். ஆகவே இலையின் மதிப்பு அறுவடைக்கும் உலர்த்தலுக்கும் இடைப்பட்ட சில மணி நேரத்தைப் பொறுத்தது.

அவுரி விதையின் தோல் கடினமானது. மணலுடன் சேர்த்துத் தேய்த்து விதைத்தால் முளைப்பு சீராகும். விதைத்துச் சுமார் 3 மாதத்தில், பூக்கத் தொடங்கும் சமயத்தில், மறுதழைவுக்குக் கட்டைவிட்டு அறுக்கலாம். மழையில்லாத நாளைத் தேர்ந்து அறுத்து, அன்றே காற்றோட்டமுள்ள நிழலில் மெல்லிதாய்ப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட வேண்டும். நன்கு உலர்ந்த இலை பசுமை மாறாமல் சலசலக்கும். தண்டை நீக்கி, ஈரம் படாத இடத்தில் மூட்டையிட வேண்டும். கழிவுத் தண்டை எருக்குழியிலிட்டால் நிலத்திற்குப் பலனுண்டு.

பெயரிலும் ஜாக்கிரதை தேவை. தென் ஜில்லாக்களில் பேதிக்குரிய சென்னாவையும் அவுரி என்றே அழைக்கிறார்கள். அதில் நீலம் கிடையாது. ஆகையால் விதை வாங்கும் குடியானவர் நீல அவுரி விதைதானா என்று நிச்சயித்துக் கொள்வது அவசியம். கிராம உத்தியோகஸ்தர்களும் அடங்கலில் அவுரி என்று மட்டும் எழுதாமல் நீல அவுரி என்று குறிப்பிடுவது நலம்.

இப்பயிருக்கு அரசாங்க ஆதரவு விலை இல்லை. எனவே கொள்வோர் யார், இலையில் எவ்வளவு ஈரம் இருக்கலாம், விலை என்ன என்பவற்றை விதைப்பதற்கு முன்பே எழுத்து மூலமாய் முடிவு செய்துகொள்ளாமல் அதிக நிலத்தில் இறங்குதல் தகாது. முதல் வருஷம் அரை ஏக்கரே போதும்.

கருமை சீக்கிரம் உண்டாகவேண்டி, பாரா-பினைலின்-டைஅமின் என்னும் இரசாயனத்தை மருதோன்றித் தூளில் கலப்பாருமுண்டு. அது சிலருக்குத் தோலில் கொப்புளமும் வீக்கமும் உண்டாக்கும். அதற்கஞ்சியே பலர் சுத்தமான இலையை நாடுகிறார்கள். அவர்களுடைய நம்பிக்கைதான் இப்பயிரின் சந்தை. ஒரு மூட்டையில் புழுங்கிய இலையோ கலப்போ காணப்படின், அந்நஷ்டம் ஒருவரோடு நில்லாது. ஊரிலுள்ள யாவரையும் சேரும். முன்னர் இப்பயிரை வீழ்த்தியது அயல் தேசத்து இரசாயனம்; இம்முறை அது நிலைப்பது குடியானவரின் கையிலேயே இருக்கிறது.