சுறாவும் இடம்பெயரும்

சுறா என்றால் எங்கள் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது வறை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கட்டும் என்று பால்சுறாவைத் தேடி வாங்கிக் கொடுப்போம். மற்றப்படி, எதற்கும் அஞ்சாத மீன் என்றுதான் அதை நினைத்திருக்கிறோம். அதற்கும் அச்சம் உண்டு என்பதை அண்மைய ஆய்வுகள் காட்டுகின்றன.

கலிபோர்னியாவுக்கு அப்பாலுள்ள ஃபரலன் தீவுகளில் ஆய்வாளர்கள் பெரு வெள்ளைச் சுறாக்களின் உடலில் சிறிய ஒலிக்கருவியைப் பொருத்தினார்கள். அது விட்டுவிட்டு ஒலி எழுப்பும். கடலுக்குள் நிறுத்திய இன்னொரு கருவி அதைக் கேட்டு, எந்தச் சுறா எந்த நேரம் கடந்தது என்று பதியும். 2009 நவம்பரில் (அந்த வருடத்தை நாங்கள் வேறு காரணத்துக்காக மறக்கமாட்டோம்) அப்படி அடையாளமிட்ட 17 சுறாக்கள் அங்கே திரிந்தன. ஒருநாள் ஓர்காக்கள் அந்தப் பக்கம் வந்தன. கொலைகாரத் திமிங்கிலம் என்று பெயரெடுத்தாலும் ஓர்கா டொல்பின் இனத்தைச் சேர்ந்தது. அவை நின்றது மூன்று மணித்தியாலத்துக்கும் குறைவு. சுறாக்கள் எல்லாம் வெளியேறின. அந்தப் பருவம் முடியும்வரை திரும்பவில்லை. சல்வடோர் ஜோர்கன்சனும் சக ஆய்வாளர்களும் இதை 2019இல் வெளியிட்டார்கள். சுறாக்கள் விலகிப்போன வருடங்களில், அவற்றுக்கு இரையாகும் பெரிய சீல்களான கடல்யானைகள் நிம்மதியாக இருந்தன. தாக்குதல்கள் நான்கில் ஒன்றாக, சில வருடம் ஏழில் ஒன்றாகக் குறைந்தன.

தென்னாபிரிக்காவில் இது இன்னும் கடுமை. கான்ஸ்பாய் கரையில் 2017 முதல் எட்டு வெள்ளைச் சுறாக்களின் உடல்கள் ஒதுங்கின. ஏழில் ஈரல் இல்லை. சுறாவுக்கு மற்ற மீன்களைப்போல காற்றுப்பை கிடையாது. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல்தான் அதை மிதக்க உதவுகிறது. ஓர்கா தேடுவதும் அதைத்தான். மரவள்ளத்துக்குச் சுறா எண்ணெய் பூசிய காலத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சந்தேகம் போர்ட், ஸ்டார்போர்ட் என்ற இரண்டு ஆண் ஓர்காக்கள் மீது விழுந்தது. முதுகுச் செட்டை ஒன்றுக்கு இடப்பக்கமும் மற்றதற்கு வலப்பக்கமும் சாய்ந்திருப்பதால் வந்த பெயர்கள் அவை. 2023 ஜூனில் ஸ்டார்போர்ட் தனியாகவே ஓர் இளம் வெள்ளைச் சுறாவை இரண்டு நிமிடத்துக்குள் முடித்தது.

சுறா போனபின் கடல் எப்படி இருக்கும்? ஃபோல்ஸ் குடாவில் 20 வருடங்களுக்கு மேற்பட்ட பதிவுகளை வைத்து 2025இல் வந்த ஆய்வு பதில் சொல்கிறது. சீல்களும் ஏழு செவுள் கொண்ட சுறாக்களும் பெருகின. சீல் தின்னும் மீன்களும், ஏழு செவுள் சுறா தின்னும் சிறிய சுறாக்களும் குறைந்தன. ஆனால் வெள்ளைச் சுறா போனது ஓர்காவாலா, மனிதர் போட்ட வலையாலும் தூண்டிலாலுமா என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் மோதிக்கொள்கிறார்கள். இரண்டுமே காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

எனக்கு உறைப்பது அந்த 20 வருடக் கணக்குத்தான். விடாமல் எண்ணியதால்தான் இழந்தது தெரிந்தது. கொக்கிளாயிலிருந்து சாலை வரையான எங்கள் கரையில் அதே அளவு காலம் போரோடு போனது. கடலுக்குப் போகும் நேரம், தூரம், இயந்திர வலு எல்லாவற்றுக்கும் தடை இருந்தது. பிறகு இடம்பெயர்வு. திரும்பி வந்தபோது இழுவைமடிப் படகுகள்.

திரெஷர் சுறாவைப் பிடிக்க 2012இல் இலங்கை தடை விதித்தது. உடலளவுக்கு நீண்ட வாலுள்ள சுறா அது. வலையில் பட்டால் விட்டுவிட வேண்டும். ஆனால் தடை மட்டும் எதையும் எண்ணித் தராது. ஓர்காவும் எங்களுக்கு அந்நியமல்ல. இலங்கைக் கடலில் அவ்வப்போது தென்படும் ஓர்காக்களைப் படங்களிலிருந்து, செட்டையின் வடிவம் பார்த்து அடையாளம் காண்கிறது ஓர்கா புரொஜெக்ட் ஸ்ரீலங்கா.

சுறா எதைத் தின்கிறது என்பதை விஞ்ஞானிகள் அறியும் பழைய வழி அதன் வயிற்றைக் கிழித்துப் பார்ப்பது. எங்கள் கருவாட்டு வாடிகளில் பெண்கள் அதை நாளாந்தம் செய்கிறார்கள். ஒரு கொப்பியும் பேனையும் கொடுத்து, என்ன இருந்தது என்று அவர்களைக் கேட்டு எழுதத் தொடங்கலாம்.