சந்திரன் பெயர் கொண்ட மாத்திரை

நமது உபாத்தியாயர் அறையில் ஒரு நாள் நண்பர் ஒருவர் மருந்துப் புட்டி ஒன்றை மேஜைமீது வைத்தார். அவருக்கு இரத்தத்தில் சர்க்கரை சற்று ஏறியிருப்பதைக் கேள்வியுற்று, அமெரிக்காவிலுள்ள மைத்துனர் அன்புடன் அனுப்பிய செலினிய மாத்திரைகள் அவை. ஒவ்வொன்றிலும் 200 மைக்ரோகிராம். "சாப்பிடலாமா, ஸார்?" என்றார். அவருக்குச் சொன்ன விடையை நேயர்களுக்கும் சொல்லுகிறோம்.

செலினியத்தை 1817-ம் வருஷத்தில் கண்டுபிடித்தவர் ஸ்வீடன் தேசத்து பெர்சீலியஸ். சந்திரனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. அது உடலுக்கு இன்றியமையாதது. சீனாவில் மண்ணில் செலினியம் குறைந்த பிரதேசங்களில், கேஷான் நோய் குழந்தைகளின் இருதயத்தைத் தாக்கி உயிரைக் கொள்ளை கொண்டது. ஆயினும் தேவையான அளவு மிகச் சிறிது. வயது வந்தவர்களுக்குத் தினம் 55 மைக்ரோகிராம் போதுமென்பது அமெரிக்க நிபுணர்களின் நிர்ணயம். மீன், முட்டை, தானியம் முதலியவற்றில் அது கிடைக்கிறது.

அதிகமானால் என்ன? சருமப் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்ப்பதற்காக 1983-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை தொடங்கிற்று. ஒரு சாராருக்குத் தினம் 200 மைக்ரோகிராம். மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. அதன் கணக்கு 2007-ல் வெளியாயிற்று. முதலில் நீரிழிவு இல்லாதிருந்தவர்களில், செலினியம் உண்ட 600 பேரில் 58 பேருக்கும், உண்ணாத 602 பேரில் 39 பேருக்கும் இரண்டாம் வகை நீரிழிவு கண்டது! இரத்தத்தில் ஏற்கெனவே செலினியம் மிகுந்திருந்தவர்களுக்கே அபாயம் அதிகம். பின்னர் 35,000-க்கு மேற்பட்ட ஆடவரிடம் நடந்து, 2008-ல் நிறுத்தப்பட்ட சோதனையில் இக்கெடுதல் உறுதிப்படவில்லை, நன்மையும் காணப்படவில்லை.

இதில் நம் குடலில் வாழும் கோடானுகோடி கிருமிகளுக்கும் பங்குண்டு. அவற்றுள் சில, நாம் உண்ணும் செலினியத்தில் தம் பாகத்தை எடுத்துக்கொள்கின்றன. செலினியம் குறைந்த உணவு பெற்ற எலிகளில், குடற்கிருமி உள்ளவற்றைவிட இல்லாதவற்றின் உடலே அச்சத்தை அதிகம் பயன்படுத்திற்று. உணவில் செலினியம் மாறினால் கிருமிக் கூட்டமும் மாறுகிறது. ஆகவே ஒரே மாத்திரை எல்லார் உடலிலும் ஒரே வேலை செய்யுமென்று எண்ணுவதற்கில்லை.

குறைவுள்ளவனுக்கு மருந்து, நிறைவுள்ளவனுக்குச் சுமை. எவர் எந்த வகை என்பதைப் பரீட்சித்துச் சொல்ல வேண்டியவர் வைத்தியரே அன்றி, மைத்துனர் அல்லர்.

நண்பர் புட்டியுடன் வைத்தியரிடம் சென்றார். இப்போது ஆகாரத்தில் மிதம்; மாலையில் ஏரிக்கரை வரை நடை. மைத்துனருக்கும் கடிதம் எழுதிவிட்டார், அடுத்த முறை மாத்திரைக்குப் பதிலாகக் குழந்தைகளின் படம் அனுப்பும்படி.