கன்னித் தீவும் மரவள்ளிக்கிழங்கும்

டில்லியில் வளரும் நம் பிள்ளைகள் கடலைப் பார்ப்பது விடுமுறையில் ஊருக்குப் போனால்தான். தமிழ்ப் படம் போட்டாலோ எழுந்து ஓடிவிடுவார்கள். நான் கண்ட வழி, மாதம் ஒரு ஞாயிறு 'தீவு விருந்து'.

முதலில் 'காஸ்ட் அவே' (2000). டாம் ஹாங்ஸ் தேங்காய் உடைக்கப் படும் பாட்டைப் பார்த்தபடியே இளநீரும் வழுக்கையும்.

அடுத்த மாதம் 'ஆயிரத்தில் ஒருவன்' (1965). மருத்துவர் மணிமாறனாக வரும் எம்.ஜி.ஆர். கன்னித் தீவுக்கு அடிமையாகப் போய்ச் சேரும் நேரம், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய மரவள்ளிக்கிழங்கு வெந்து தயார். தொட்டுக்கொள்ள மீன் குழம்பு. சைவர்களுக்குத் தேங்காய்ச் சட்னி.

கப்பல் சண்டை முடியும்வரை மகன் அசையவில்லை. "அடிமைன்னா என்னம்மா?" என்றான். எதற்கும் இந்தியிலேயே பதில் சொல்கிற பிள்ளை, தமிழில் கேட்டான்!

நீங்களும் செய்து பாருங்களேன்.